கூடத்திலிருந்து கொல்லை வரை: டெல்டா வீடுகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

வீட்டை அழகாக்கச் சொல்லித்தரும் குறிப்புகளில் பாதி, சென்னை, பெங்களூரு அடுக்குமாடிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காவிரிப் படுகையில் குடியிருப்பவர்களின் கவலை வேறு. சித்திரையில் கூடம் கொதிக்கும். ஐப்பசியில் சுவரில் ஓதம் ஏறும். கொல்லையில் மண்வெட்டி போட்டால் களி ஒட்டிக்கொண்டு வரும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஊர் வேலை முழுதும் அந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் நடக்கிறது. வீட்டு வேலையையும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. ஆணி அடிக்கும் முன்பும் செடி நடும் முன்பும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எங்கே தங்கும் என்று ஒரு தரம் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்ய வேண்டியதில்லை. எது கைக்கு வருகிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.

1. தஞ்சாவூர் ஓவியம் வீட்டில் இருந்தால், முதலில் அது தொங்கும் சுவரைத் தொட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. வாடைக்காற்றோடு சாரல் அடிப்பது வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களில். குளியலறையை ஒட்டிய சுவருக்கும் அதே கதிதான். ஓவியத்துக்கு அடியில் இருப்பது மரப்பலகை. அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதிக்கிறார்கள். பலகை ஈரம் குடித்து உப்பினால் மேடு வெடிக்கும், ரேக்கு உரியும். அதனால் வீட்டுக்குள் இருக்கும் இடைச்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் விரல் கனத்துக்குத் தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். துடைப்பது கண்ணாடியை மட்டும், அதுவும் உலர்ந்த துணியால். நேர் வெயில் படும் இடம் வேண்டாம். தினமும் சாம்பிராணியும் விளக்குப் புகையும் படியும் பூஜை உள்ளைவிடக் கூடமே நல்ல இடம். சுவாமி படத்தைக் கூடத்தில் மாட்டலாமா என்று தயங்க வேண்டாம். இந்த ஊர்ப் பல வீடுகளில் வெண்ணெய்க் கிருஷ்ணர் கூடத்தில்தான் குடியிருக்கிறார்.

2. தஞ்சாவூர்க் கலைத்தட்டைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் பித்தளை, செம்பு, வெள்ளி என்று மூன்று உலோகங்கள் சேர்ந்திருக்கின்றன. புளி இடுக்குகளில் தங்கிக் களிம்பு பிடிக்கும். மென்மையான துணியும், பழைய தூரிகை ஒன்றும் போதும்.

3. நெட்டியில் செய்த பெரிய கோயிலோ, தேரோ பரிசாக வந்திருக்கும். நெட்டி என்பது ஏரி, குளங்களின் சேற்றில் வளரும் செடியின் தண்டு. தோலைச் சீவினால் தந்தம்போல் வெளுப்பாக இருக்கும். 2020-ல் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்ணீரில் வளர்ந்ததாயிற்றே என்று ஈரத்தைப் பற்றி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது, காய்ந்த நெட்டி ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துப்போகும். கண்ணாடிப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பதே பராமரிப்பு. அலமாரியின் உச்சியில் கடனே என்று வைக்காமல், பின்னால் கரும்பச்சை அல்லது அரக்குத் துணி கட்டி, கண்மட்டத்தில் வையுங்கள். வெள்ளை எடுத்துக் காட்டும்.

4. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைக் கழற்றிப் பூட்டுகிறபோது மரை இறுகிக்கொண்டு மல்லுக்கட்ட வைக்கும். தேய்த்துக் கழுவிய பின், வெயிலில் நன்றாகக் காயவைத்து, மரையில் துளி தேங்காய் எண்ணெய் தடவிப் பூட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அதிகமாக இருந்தால் முதலில் அரிசி மாவைத் தூவித் துடைத்துவிட்டு, அப்புறம் புளி. கடைசியில் திருநீறு போட்டுத் தேய்த்தால் பளபளப்பு நிற்கும்.

5. பழைய வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைக் கேவலமாக நினைக்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் ஓதம் ஏறும் சுவருக்கு அதைவிடச் சிறந்த பூச்சு கிடையாது. பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். அடுத்த மழைக்குள் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். மார்கழி பாதிக்கு மேல், மழை ஓய்ந்ததும், போகிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டதும் கொதிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஓரிரு நாள் ஊறட்டும். பழைய வேட்டியில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, ஒட்டிப்பிடிக்கக் கொஞ்சம் அரிசிக் கஞ்சியும், வெளுப்புக்குத் துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகையும் சேருங்கள். சுவரைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து ஈரப்படுத்திய பிறகே மட்டையை எடுக்க வேண்டும். முதல் பூச்சில் ஒன்றுமே தெரியாது. பயப்பட வேண்டாம், காயக் காய வெளுக்கும். தடிமனாக ஒரே பூச்சாக அடித்தால் உதிரும். மெல்லிசாக 2 அல்லது 3 தரம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை போட்டுவிட்டால் மழைச்சேறு தெறித்த கறை கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது, அதை முழுதும் சுரண்டியாக வேண்டும்.

6. மாக்கோலம், அதாவது இழைக்கோலம், கூடத்துக்கும் பூஜை உள்ளுக்கும் பெரிய அலங்காரம். பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, கையில் எடுத்தால் நறநறப்பே இல்லாத அளவுக்கு அரைக்க வேண்டும். பதம்தான் எல்லாம்: பாலைவிடச் சற்றுக் கெட்டி. சின்ன வெள்ளைத் துணியை மாவில் நனைத்து உள்ளங்கையில் அடக்கிப் பிழிந்தால், மாவு மோதிர விரல் வழியாக இறங்கும். விரல் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓட வேண்டும். அழுத்தினால் கோடு பட்டையாகும். கை தயங்கிய இடத்தில் சொட்டு நிற்கும். துடைத்த தரை நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள், ஈரத்தில் போட்டால் கோடு கசியும். போடும்போது மங்கலாக இருந்து, காய்ந்ததும் பளிச்சென்று எழும். வெள்ளை காய்ந்த பிறகு காவி கட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும். படிக்கோலத்தில் இரட்டை இழை சமமாக வருவதற்கு ஒரே வழி, நாலு மூலையையும் முதலில் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்வது.

ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெயர்த்தெடுத்த பிறகு பசை கறுப்பாகத் தங்கி, ஆறு மாதத்துக்குத் தரையே அழுக்காகத் தெரியும்.

7. நைந்துபோன பட்டுப்புடவையில் உடல்தான் போயிருக்கும், கரையும் முந்தானையும் நன்றாக இருக்கும். கரையை மட்டும் வெட்டி, வெளிர்நிறப் பருத்தித் துணியின் ஓரத்தில் தைத்தால் திருபுவனம் பட்டுக்கரை போட்ட திரைச்சீலை தயார். கோயில்களில் தேரிலும் வாகனத்திலும் தொங்கும் தொம்பையைப் போல, வட்டக் கம்பியில் துணியைச் சுற்றித் தைத்து வாசலின் இரண்டு பக்கமும் தொங்கவிடலாம். இந்தத் தொம்பைகளைக் கையால் எழுதி வண்ணம் தீட்டுவது கருப்பூர்க் கலம்காரிக்காரர்களின் பரம்பரைத் தொழில். 2021-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காசு கொடுத்து ஒரு சின்னத் துண்டு வாங்கிச் சட்டம் போட்டால், அச்சடித்த பத்துப் படங்களுக்கு ஈடு. கிழக்கு, மேற்கு ஜன்னலில் பட்டு வேண்டாம், வெயிலில் சாயம் போய் இழை இற்றுவிடும்.

8. பங்குனி தொடங்கும்போதே மேற்குப் பார்த்த தாழ்வாரத்துக்குக் கோரைப்பாய்த் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டிவிடுங்கள். மாலை 3 மணிக்கு மேல் தண்ணீர் தெளித்தால் காற்று குளுமையாக வரும். ஐப்பசிக்கு முன் மறக்காமல் அவிழ்த்து, வெயிலில் காயவைத்து, சுருட்டி மேலே கட்டுங்கள். மழையில் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

9. மரக்கால், படி, உழக்கு, பித்தளை அண்டா: இவற்றில் மண் நிரப்பிச் செடி வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடியில் துளை போட்டுப் பாத்திரத்தைக் கெடுக்காதீர்கள். சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் செடி வைத்து அதை மரக்காலுக்குள் இறக்கினால் போதும். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்ததும் உள்ளே வைக்கலாம். இதற்கு மணி பிளாண்ட் நன்றாக வரும், வெயில் படாத ரேழியிலும் சோர்ந்துபோகாது.

10. கொல்லையில் கவிழ்ந்துகிடக்கும் ஆட்டுக்கல்லை நிமிர்த்துங்கள். குழியில் தண்ணீர் ஊற்றினால் குருவி, மைனா, அணில் எல்லாம் வரும். தினம் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

11. விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை: கொட்டாங்கச்சியில் தலையாட்டி பொம்மை. கடையில் விற்கும் தஞ்சாவூர் ராஜா, ராணி பொம்மை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம், அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதும், மேல்பாகம் வெறும் காகிதக்கூழாக இருப்பதும்தான். கண் இல்லாத பாதிக் கொட்டாங்கச்சியை எடுத்து, நாரைச் சுரண்டி, அடியில் கூர்முனை இருந்தால் கருங்கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். உள்ளே களிமண்ணைக் கால்வாசிக்கு மட்டும் அப்ப வேண்டும். ஆர்வத்தில் விளிம்புவரை நிரப்பினால் கனம் மேலே ஏறி, சாய்ந்த பொம்மை சாய்ந்தபடியே கிடக்கும். களிமண் நிழலில் காய்ந்ததும் சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்றுகொள்ளும். வெளியே எடுத்துப் பசை தடவி மறுபடி ஒட்டுங்கள். மேலே செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி வைத்து, மைதாப் பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை மூன்று, நாலு சுற்று ஒட்டி, காய்ந்ததும் வண்ணம். ஒவ்வொரு கட்டத்திலும் தள்ளிப் பார்த்து, எழுந்து நிற்கிறதா என்று சரிபார்த்தால் கடைசியில் ஏமாற்றம் இராது.

12. ஆடிப்பெருக்குச் சப்பரம் இப்போது கடையிலேயே கிடைக்கிறது. வீட்டில் செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை: ஒரு முழப் பலகை, நாலு மரச் சக்கரம், மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டிய இரண்டு வளைவு, அதன்மேல் கலர் காகிதம், உள்ளே ஒரு சாமி படம். சக்கரத்தின் துளையில் விளக்கெண்ணெய் விட மறக்க வேண்டாம். ஆடி 18 தாண்டியதும் காகிதத்தை மட்டும் கிழித்துவிட்டு மேலே வைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

13. கொலுவுக்குப் பூங்கா போடுகிறவர்கள் பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளை விட்டுவிட்டு நிஜப் பயிரையே வளர்க்கலாம். அகலமான தட்டில் ஈர மணலும் தேங்காய்நார்க் கழிவும் கலந்து ஒரு விரல் உயரம் பரப்புங்கள். புல்வெளிக்குக் கேழ்வரகு: ஓர் இரவு ஊறவைத்து, துணியில் மூட்டை கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நெருக்கமாகத் தூவினால் ஒரு வாரத்தில் கம்பளம். புதருக்கு வெந்தயம். கடுகும் நன்றாக வரும். தஞ்சாவூர்க் கொலுவில் வயல் இல்லாமல் எப்படி? நெல்லை மட்டும் 10, 12 நாள் முன்னதாகவே விதைத்துவிட வேண்டும், அது மெதுவாகத்தான் எழும்பும். வரப்புக்குக் களிமண், வாய்க்காலுக்குத் தகர மூடி. கொலு முடிந்ததும் வெந்தயக்கீரை குழம்புக்கு.

14. இனித் தோட்டம். தொட்டிக்கு வயல் மண்ணை அப்படியே நிரப்பினால் மழையில் சேறு, வெயிலில் செங்கல். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு என்று கலந்து, தேங்காய்நார்க் கழிவும் சேருங்கள். நார்க்கழிவை இரண்டு தரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அந்தக் காவித் தண்ணீர் வேருக்கு ஆகாது. குளத்து வண்டல் கிடைத்தால் விடாதீர்கள்.

15. அரிசி ஆலையில் குவிந்துகிடக்கும் கருகிய உமி களிமண்ணை இளக்கும். தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும், அளவுக்கு மிஞ்சினால் மண்ணில் காரம் ஏறும். பச்சை உமியை நேரடியாகக் கலந்தால் அது மக்கும்வரை செடி வெளுத்து நிற்கும். வைக்கோல் வேறு வகையில் உதவும்: சித்திரை வெயிலில் செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஊற்றிய தண்ணீர் மறுநாளும் நிற்கும்.

16. மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு வாளி நெல் வளர்த்துப் பார்க்கலாம். இதை அலங்காரச் செடி என்று சொன்னால் விவசாயிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துளை இல்லாத 20 லிட்டர் பெயிண்ட் வாளி, அதில் முக்கால் பங்கு வயல் களி, ஒரு கை மக்கிய எரு. ஆனி வாக்கில் குறுவை நடவு நடக்கும் வயலில் கேட்டால் ஒரு பிடி நாற்று கொடுப்பார்கள். வாளிக்கு மூன்று குத்து. குத்துக்கு இரண்டு, மூன்று நாற்று. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்கள் விதைத்ததிலிருந்து 110 நாளில் விளையும். ஜூன் நடுவில் விதைத்தது நவராத்திரி வாக்கில் கதிர் சாயும். நாள் முழுதும் வெயில் வேண்டும். தண்ணீர் இரண்டு விரல் நின்றால் போதும். வற்றி, மேல்மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் மறுபடி ஊற்றலாம். அறுப்புக்கு 10 நாள் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

கதிர் முக்கால்வாசி பழுத்ததும் தாளோடு அறுத்து, இலையை உருவிவிட்டு, ஈரத்துணியில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்தால் தாள் முறியாமல் வளையும். மூன்று கற்றையாகப் பிரித்துப் பின்னலைத் தொடங்கி, ஒவ்வொரு பின்னலுக்கும் இரண்டு கதிரைச் சேர்த்துக்கொண்டே போய், வாழைநாரால் முடிச்சுப் போட்டு, தலைகீழாக நிழலில் காயவையுங்கள். நிலைப்படிக்கு மேலே தொங்கவிட்டால் குருவிகள் வந்து கொத்தித் தீர்க்கும். தை அறுவடையின்போது அடுத்தது கட்டிக்கொள்ளலாம்.

17. பாத்திரம் கழுவும் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர் கொல்லையில் தேங்கி நாறுகிறதா? அது போகும் பாதையில் கல்வாழை நடுங்கள். அதைத் தாண்டி இரண்டு வாழை. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கண்ணுக்கும் நன்றாக இருக்கும், தண்ணீரையும் குடித்துவிடும். அந்த இரண்டு வாழையில் ஒன்று மொந்தனாக இருந்தால் இலையும் காயும் வீட்டுக்கு. பக்கக் கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே நோஞ்சானாக நிற்கும்.

18. வெற்றிலைக்கொடி கண்ணுக்குக் குளிர்ச்சி. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு வந்த பிறகு எல்லோருக்கும் வீட்டில் ஒன்று வைக்க ஆசை. நேர் வெயிலில் வைத்தால் வராது. கொடிக்கால்காரர்கள் செய்வதையே சின்ன அளவில் செய்யுங்கள்: முதலில் அகத்தி விதை போடுங்கள். அது ஆள் உயரம் வந்ததும், 3 கணு உள்ள கொடித்துண்டை அதன் அடியில் நட்டு, 2 கணு மண்ணுக்குள் இருக்கும்படி அழுத்தி, வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அகத்தியின் நிழலில் கொடி ஏறும். துவாதசிக்கு அகத்திக்கீரையும் ஆயிற்று. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. களிமண் கொல்லையில் அதற்கு ஒரே வழி, ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுவது.

19. மல்லிகை இலையாகத் தழைத்துப் பூக்காமல் ஏமாற்றினால் காரணம் பெரும்பாலும் கத்தரிக்காததுதான். மழை அடங்கிய கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தத்தையும் வெட்டுங்கள். மனசு கேட்காது, வெட்டத்தான் வேண்டும். ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, பிறகு எருவிட்டு நீர் பாய்ச்சினால் பங்குனியில் மொக்கு. நிழலில் வைத்த மல்லி எதற்கும் மசியாது. நிழல்தான் இருக்கிறது என்றால் கனகாம்பரம் வையுங்கள்.

20. வீட்டுப் பூவிலேயே கதம்பம் கட்ட நாலு தொட்டி போதும்: மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, டிசம்பர் பூ. மல்லி வெயில்காலத்திலும் டிசம்பர் மார்கழியிலுமாக மாறி மாறி வரும்; மற்ற இரண்டும் இடைவெளியை நிரப்பும். வாழைப்பட்டையை நிழலில் காயவைத்து நகத்தால் கிழித்தெடுத்த நாரைக் கட்டும் முன் 10 நிமிஷம் நனைத்துக்கொள்ளுங்கள். நூலில் கட்டினால் பூக்காம்பு அறுந்து சீக்கிரம் வாடும்.

21. துளசி கதிர் விட்டதும் கிள்ளிவிட வேண்டும். கதிரை முற்ற விட்டால் செடி குச்சியாகிவிடும்.

22. ஆடிப்பட்டத்துக்குப் பந்தல்: தெற்கு அல்லது மேற்குச் சுவரை ஒட்டி நாலு மூங்கில் நட்டு, மேலே சணல் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் புடலை, பீர்க்கு, பாகல், அவரை எல்லாம் ஏறும். காய்க்குக் காய், ஜன்னலுக்கு நிழல். புடலை பிஞ்சு ஒரு சாண் நீண்டதும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் வேடிக்கைக்காக அல்ல, காய் சுருளாமல் நேராக இறங்கும். இடமே இல்லாதவர்கள் மாடியில் பை வைத்து வெண்டை, கத்தரி போடலாம். தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மாடித்தோட்டப் பைகளும் விதையும் மானிய விலையில் வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பைகளை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் தளம் ஒழுகாது. அக்னி நட்சத்திரத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டியாக வேண்டும்.

23. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால் கடைக்கு ஓட வேண்டாம். தண்ணீர்க் குழாயை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்; சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு தரம். எறும்பு அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகிறது என்பதால் எறும்புச் சாரையையும் கவனியுங்கள்.

24. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும் அரிசி களைந்த தண்ணீரும். உப்புப் போட்ட மோர் கூடாது.

25. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, உருளியில் மிதக்கவிடும் பூ, தாமரைத் தொட்டி: மூன்றும் கொசுவுக்குத் தொட்டில். உருளித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தட்டை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்க்க வேண்டும், டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தாமரைத் தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் கவலை இல்லை.

26. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. வீட்டை ஒட்டிய மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை அப்போதுதான் பலர் முதன்முதலாக யோசித்தார்கள். புதிதாகத் தென்னை வைப்பவர்கள் கூரையிலிருந்து குறைந்தது மர உயரத்துக்காவது தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் தென்னை வேண்டாம், எலுமிச்சையோ மாதுளையோ போதும். முருங்கையைப் புரட்டாசிக்கு முன் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். காற்றுக்கும் தப்பும், தைக்குள் துளிர்த்துக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மாடித் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இறக்கி, ஒரு மூலையில் நெருக்கி வைத்துக் கயிறு சுற்றிக் கட்டுங்கள். தொங்கும் தொட்டிகளைக் கழற்றி உள்ளே கொண்டுவருவது முதல் வேலை.

27. கடலோரத்தில், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம், உப்புக்காற்றுக்கு ரோஜா தாங்காது. காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி தாங்கும். அரளி முழுதும் விஷம். ஆடு, மாடு, தவழும் பிள்ளை உள்ள வீட்டில் வேலிக்கு வெளியே.

28. முற்றிய காயில் ஒன்றிரண்டைச் செடியிலேயே விட்டு விதை எடுங்கள். கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலையோடு டப்பாவில் அடையுங்கள். டப்பாவின் மேல் பெயரும் மாதமும் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த ஆடியில் எது நீளப் புடலை, எது குட்டைப் புடலை என்று வீட்டில் தகராறு வராது.